ஒரு வாக்கியத் தூரம்

இந்த மனிதர் மட்டும் காலை ஆட்டாமல் இருந்தால் படித்தது எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. ஒரே இரும்புச் சட்டத்தில் நாலு நாற்காலிகளை முடுக்கி வைத்திருந்தார்கள், பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரியிலும் வைத்திருப்பார்களே அந்த மாதிரி, ஓட்டை ஓட்டையான எஃகு நாற்காலிகள். ஒருவர் உட்கார்ந்தால் மற்ற மூன்று பேரும் ஒரு தடவை ஏறி இறங்குவார்கள், ஒருவர் தும்மினால் நாலு பேரும் தும்மியதாகக் கணக்கு. முதல் நாற்காலியில் கோகிலவாணி, இரண்டாவதில் அவளுடைய ஃபைல், மூன்றாவதில் அந்த மனிதர், நாலாவதில் அவருடைய பை. அவர் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. வலது பாதத்தின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டம் அவருடைய முழங்காலில் தொடங்கி, இரும்புச் சட்டம் வழியாக ஃபைலைத் தாண்டி, கோகிலவாணியின் முதுகெலும்பில் ஏறி, கடைசியில் அவளுடைய மூக்குக் கண்ணாடியில் வந்து முடிந்தது. விநாடிக்கு நாலு தடவை, சில சமயம் ஐந்து. எண்ண வேண்டாம் என்றுதான் இருந்தாள், ஆனால் ஆடுகிற எதையும் எண்ணாமல் விட முடியாத ஒரு படிப்பைப் படித்துத் தொலைத்திருந்தாள். எதிரே மூடிய கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், அவர்களிடம் ஒரே ஒரு வேலை: நில அதிர்வு ஆய்வு மையத்தில் இளநிலை விஞ்ஞானி. அடுத்த தடவை இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவளுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். ஆகவே இன்றைக்கு உள்ளே போய்ப் பேசிவிட வேண்டும். பேசிவிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளும்போதே தொண்டையில் யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். பெயர் மட்டும் கோகிலவாணி. குயில் மாதிரிக் குரல் வரும் என்று பிறந்த அன்றைக்கே அப்பாவுக்கு எப்படித் தெரிந்ததோ, அன்றைக்கு அழுத அழுகைதான் அவள் பொது இடத்தில் சத்தமாகப் பேசிய கடைசிப் பேச்சு என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சரி, அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். கொஞ்சம் காலை ஆட்டாமல் இருக்கிறீர்களா. இவ்வளவுதானே. இந்த வாக்கியம் வெகு நேரமாக அவள் வாய்க்குள் தயாராக உட்கார்ந்திருந்தது, தலை மட்டும்தான் இல்லை. என்னவென்று கூப்பிடுவது? சார் என்றால் அவரும் உள்ளே உட்கார்ந்திருக்கிற மூன்று பேரில் ஒருவர் மாதிரி ஆகிவிடும், இருவரும் ஒரே வேலைக்கு வந்தவர்கள், இப்போதே அவரை சார் என்றால் வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன மாதிரி. அண்ணா என்றால் வயது தெரியவில்லை, தம்பியாக இருந்துவிட்டால் மனசு புண்படும், அதுவும் இல்லாமல் இன்டர்வியூவுக்கு வந்த இடத்தில் எதற்குப் புதுச் சொந்தம். பிரதர் என்று செல்ஃபோன் கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஹலோ என்பது ஃபோனில் எடுத்த எடுப்பில் சொல்வது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னால் காது கேட்காதவரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஊரில் யாரை வேண்டுமானாலும் ஏனுங்க என்று கூப்பிட்டுவிடலாம், கடைக்காரரை, கண்டக்டரை, போலீஸ்காரரைக்கூட. ஆனால் அம்மா அப்பாவைக் கூப்பிடுவதும் அதே ஏனுங்கதான், அடுப்படியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்து. பக்கத்து வீட்டுப் புதுப்பெண் மாப்பிள்ளையைக் கூப்பிடுவதும் அதே. ஒரு வாலிபன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முன்னே பின்னே தெரியாமல், தாழ்ந்த குரலில் ஏனுங்க என்றால், ஐயோ, வேண்டவே வேண்டாம். கோகிலவாணியின் காது சூடானது. கால் ஆடியது. கண்ணாடி மூக்கில் ஒரு நெல்லளவு இறங்கியது. மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். பெயர் என்ன என்று அட்டெண்டர் ருக்மணியக்கா வந்து அவரிடம் கேட்டபோது, "ஜெபசிங், மேடம். தூத்துக்குடி," என்று அவர் எழுந்து நின்று சொன்னார், அப்போது மட்டும் உலகம் அரை நிமிஷம் அசையாமல் இருந்தது. மிஸ்டர் ஜெபசிங் என்று கூப்பிடலாமா? கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

அசையாத உலகமும் அவளுக்குப் பழக்கமில்லைதான். சோமனூரில் அவர்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஷெட், பகலும் ராத்திரியும் தடக் தடக் என்று ஓடும். பாயில் படுத்தால் முதுகு வழியாகத் தறி ஓடும், தட்டில் ரசம் ஊற்றினால் ரசத்துக்குமேல் வட்டம் வட்டமாக அலை போகும், ஸ்கூலில் டீச்சர் அலை என்றால் என்ன என்று கேட்டபோது கடலைப் பார்க்காத கோகிலவாணிக்கு ரசம்தான் ஞாபகம் வந்தது, ஆனால் எழுந்து சொல்லவில்லை. அந்த ரசத்தினால்தான் இந்தப் படிப்புக்கு வந்தாள் என்று சொன்னால் நன்றாக இருக்கும், உள்ளே கேட்டால் சொல்லலாம், ஆனால் உண்மை அது இல்லை. உண்மை என்னவென்றால் கணக்குப் பாடத்துக்கு இடம் கேட்டுக் காலேஜ் வராந்தாவில் நின்றபோது தப்பான வரிசையில் நின்றுவிட்டாள். முன்னால் மூன்று பேர்தான் நின்றார்கள், அதைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நிலவியல் துறையின் பேராசிரியர் ஜோதிலிங்கம் கதவுக்கு வெளியே நின்று, டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி ஆளைப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். "வாம்மா, வா, கல்லு பாக்கலாம், மலை பாக்கலாம்," என்றார். இது இல்லைங்க சார், நான் கணக்குக்கு வந்தேன் என்று சொல்ல வாய் திறந்தாள், சொல் வருவதற்குள் அவர் ரசீது போட்டுவிட்டார். வீட்டில் அம்மா, "கல்லு ஒடைக்கறதுக்கு எதுக்குடி காலேசு?" என்றாள். முதல் வருடம் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு சுத்தியல் கொடுத்தார்கள், உடைக்கிற உடைப்பில் கல்லுக்குள் இருந்து பளபளவென்று ஒரு முகம் வரும், யாரும் அதுவரை பார்த்திராத முகம், அது அவளிடம் எதுவும் கேட்காது, எந்த ஊர் என்று கேட்காது, ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்காது, அந்த மரியாதை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பொறுக்கிய கற்களை நம்பர் ஒட்டி வீட்டு அலமாரியில் அடுக்கினாள். பரீட்சைக்கு முந்தின நாள் ஆறாம் நம்பர் கல்லைக் காணோம். தேடித் தேடிப் பார்த்தால் அம்மா மாங்காய் ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் பாரம் வைத்திருக்கிறாள். நல்ல கனம்டி, நீ படிச்சதுல இதொண்ணுதான் உருப்படி என்றாள். இருநூற்றைம்பது கோடி வருஷத்துப் பாறை, ஊறுகாய்க்குத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. பரீட்சையில் அதை மோந்து பார்த்த வெளித்தேர்வாளர் இன்னொரு தடவை மோந்து பார்த்தார்.

கால் நின்றது. ஏன் நின்றது? ஜெபசிங் வாட்சைப் பார்த்தார். மறுபடி ஆடியது. இரைச்சல், என்று நினைத்துக்கொண்டாள், இது வெறும் இரைச்சல், தள்ளிவிட வேண்டும். தள்ளிவிடுவதில்தான் அவள் டாக்டர் பட்டமே வாங்கியிருக்கிறாள். கேட்பவர்களிடம் நிலநடுக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்வாள், அதாவது சொல்லிக்கொள்ளமாட்டாள், அப்பா சொல்வார். ஆனால் உள்ளபடி அவள் செய்தது நிலநடுக்கம் இல்லாதவற்றைப் பற்றிய ஆராய்ச்சி. ஒரு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தின் பின்னால் குழி வெட்டி, பூமியின் அசைவைப் பதிகிற கருவியைப் புதைத்து வைத்திருந்தார்கள். அது பதியாத அசைவே இல்லை. குவாரியில் வெடி வைத்தால் பதியும், ஜல்லி லாரி போனால் பதியும், ரிக் வண்டி வந்து போர்வெல் போட்டால் பதியும், தேர் ஓடினால் பதியும், திங்கட்கிழமை காலைப் பிரேயருக்குப் பிள்ளைகள் ஓடினால் பதியும். எல்லாக் கோடும் பார்வைக்கு ஒன்றுதான். எது பூமி தானாக அசைந்தது, எது மனுஷன் அசைத்தது என்று பிரிப்பதுதான் அவள் வேலை. எதையும் எடுத்தவுடனே நம்பாதே என்பது ஜோதிலிங்கம் சாரின் சட்டம், அதை மீறி ஒரே ஒரு தடவை நம்பினாள்: அழகான கோடு, மெதுவாக எழும்பி, நடுங்கி, தேய்ந்து அடங்குகிற கோடு, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி இருந்தது, பேப்பரைத் தூக்கிக்கொண்டு துறை வராந்தாவில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஓடினாள். நேரில் போய்ப் பார்த்தால் கருவியின் மூடிமேல் வெயிலுக்கு இதமாக ஒரு ஆட்டுக்குட்டி சாய்ந்து முதுகு சொறிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து ஐந்து வருடம், வந்த கோட்டை எல்லாம் சந்தேகத்தோடு பார்த்து, இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்று அடித்து அடித்து, கடைசியில் கையில் மிஞ்சிய நிஜ நிலநடுக்கங்களை ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம். எல்லாம் எலி ஓடுகிற அளவு. ஒன்றைக்கூட அவள் உடம்பால் உணர்ந்ததில்லை. "வரதுக்கு முன்னாடி சொல்ல முடியுமா?" என்று அம்மா கேட்டாள். முடியாது. "வந்ததுக்கு அப்பறம்?" வந்தது நிலநடுக்கம்தானா என்று பார்த்துச் சொல்லலாம். "அது ஓடு விழுந்தா எனக்கே தெரியுமேடி," என்றாள் அம்மா.

இன்டர்வியூவுக்கு வந்தவர்களில் மூன்று பேர் உள்ளே போய் வந்துவிட்டார்கள். ஜன்னலோரம் நின்றிருந்தவர்களில் ஒருவர் வெளியே வந்தவரிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தார். "உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னாங்க," என்றார் வந்தவர், சிரித்துக்கொண்டே, அது ஒரு சுலபமான கேள்வி மாதிரி. கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். போன வருடம் ஒரு இன்டர்வியூ, அதற்கு முந்தின வருடம் ஒன்று. கேள்வி கேட்பார்கள். பதில் தெரியும். ஆனால் அவளுக்குப் பதில் உடனே வராது, எங்கோ ஆழத்தில் கிளம்பி, ஒவ்வொரு தட்டாக ஏறி, வளைந்து வளைந்து மேலே வர நேரமாகும். அதற்குள் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர், சரி விடுங்க, அடுத்த கேள்வி என்பார். அடுத்த கேள்விக்கு முந்தின கேள்வியின் பதில் வரும். அதை விழுங்குவாள். அதை விழுங்குவதற்குள் மூன்றாவது கேள்வி. இப்படியே விழுங்கி விழுங்கி வயிறு நிறைய பதிலோடு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வருவாள். தென்னிந்தியா கெட்டியான நிலமாயிற்றே, இங்கே ஏன் நிலம் நடுங்குகிறது என்று சென்ற முறை கேட்டார்கள். அதற்கான முழுப் பதில், மேற்கோள்களோடு, உக்கடம் தாண்டும்போது பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பழைய பிளவுகள் இருக்கின்றன, அவற்றை வடக்கிலிருந்து ஓர் அழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று அவள் தன்னை மறந்து வாய்விட்டுச் சொன்னாள். "தள்றவங்க தள்ளட்டும், நீ எங்கம்மா எறங்கோணும்?" என்றார் கண்டக்டர். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிட்டால் தங்கராசு அண்ணன் காத்திருக்கிறார். தங்கராசு அண்ணனுக்கு போர்வெல் ஏஜென்சி. நல்ல மனிதர், ஒரு வருடமாக அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார், மரியாதையும் கொடுக்கிறார், தோட்டத்துக்காரர்களிடம் எங்க டாக்டரம்மா என்றுதான் சொல்வார். அவள் கம்பியை நட்டு, கரன்ட் விட்டு, பாறைக்குள் எங்கே தண்ணீர் இருக்கும் என்று கணக்குப் போடுவாள். தோட்டத்துக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அது சரிங்க, தேங்காய் எப்ப வெப்பீங்க?" என்பார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு வயலில் நடப்பது, தண்ணீர் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்குமாம். "ஒரு தேங்காயைச் சும்மா கையில வெச்சுக்கிட்டு ஒரு நடை நடந்துரு கண்ணு," என்று தங்கராசு அண்ணன் கெஞ்சினார், "நீ கணக்குலயே கண்டுபுடி, யாரு வேண்டாங்கறா, ஆனா பாக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரோணுமில்ல?" நேற்று அவர் விசிட்டிங் கார்டு மாதிரி ஒன்றைக் காட்டினார். டாக்டர் கோகிலவாணி, நீரோட்ட நிபுணர். ஓரத்தில் ஒரு தேங்காய்ப் படம், குடுமியோடு. "இன்டர்வியூ முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லு, ஆயிரம் அடிச்சுரலாம்." அந்த ஆயிரம் தேங்காய்களும் இப்போது அவள் முன்னால் குடுமியைச் சிலுப்பிக்கொண்டு எழுந்து நின்றன.

கால் இப்போது நிதானம் தவறி வேகமெடுத்தது. உள்ளே இருப்பவர் வந்ததும் அடுத்தது அவள், அதற்கு அடுத்தது அவர். அவருக்கும் பயமாகத்தான் இருக்கும், பாவம், ஆனால் அவருடைய பயத்தை எதற்காக அவள் முதுகெலும்பில் சேமிக்க வேண்டும்? இப்போதே சொல்லாவிட்டால் உள்ளேயும் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் இருக்கிற ஒரு காலிடம் பேச முடியாதவள் மூன்று விஞ்ஞானிகளிடம் எப்படிப் பேசுவாள்? இது ஒரு ஒத்திகை. சொல்லு. மூச்சை இழுத்தாள். ருக்மணியக்காவின் தலையில் இருந்த முல்லை வாசம், யாரோ குடித்து வைத்த டீயின் வாசம், ஃபினாயில். அப்போது கீழேயிருந்து நாற்காலியை யாரோ முட்டியால் இடித்த மாதிரி ஒரு தட்டு. ஒரே தட்டு, லேசாக, தண்டுவடத்தின் அடியில். இப்போது இடிக்கவும் ஆரம்பித்துவிட்டாரா! இதற்குமேல் பொறுக்க முடியாது. வாய் திறந்தது, திறந்த வாயிலிருந்து வரக்கூடாதது முதலில் வந்தது: "ஏனுங்க..." ஜெபசிங் திரும்பினார். எலுமிச்சம்பழத்தை விழுங்கினாள். "தப்பா நெனச்சுக்காதீங்க, கொஞ்சம் காலை ஆட்டாம..." அவள் ஆட்டாம என்ற அந்த இடத்தில், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே வந்தது மாதிரி, நாற்காலிகள் நாலும் பக்கவாட்டில் அசைந்தன, ஃபைல் கீழே விழுந்தது, ட்யூப்லைட் ஊஞ்சலாடியது, ஜன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. ஜெபசிங் துள்ளி எழுந்து ஓடினார். ஜன்னலோரம் நின்றவர்களும் ஓடினார்கள். எதிர்க் கதவு திறந்து உள்ளே இருந்தவர்களும் ஓடினார்கள். ஐயோ, என்று நினைத்தாள் கோகிலவாணி, அப்படி என்ன சொல்லிவிட்டேன்? ஏனுங்க என்றது அவ்வளவு தப்பா? ஒரு வார்த்தைக்கு ஒரு ஆபீஸே எழுந்து ஓடுமா? ஆனால் ஆட்டம் நிற்கவில்லையே, அவர்தான் போய்விட்டாரே, ஆள் போன பிறகும் கால் ஆடுமா என்று அவள் காலியான நாற்காலியைச் சந்தேகத்தோடு பார்த்தாள். இது லாரி இல்லை. இது குவாரி வெடியும் இல்லை, வெடி என்றால் இந்த நேரத்தில் வைக்கமாட்டார்கள். ரிக் வண்டியா? அவள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். ஆட்டுக்குட்டிக்கு வழியில்லை. அப்போது ருக்மணியக்கா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அடி அம்மிணி, பூகம்பம்டி! எல்லாரும் ஓடறாங்க, நீ என்ன சினிமா பாக்கறாப்புல உக்காந்திருக்கறே?"

வெளியே வேப்ப மரத்தடியில் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஆட்டம் அடங்கிவிட்டது, கட்டடத்துக்கு ஒன்றும் இல்லை, காக்கைகள் மட்டும் மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. நிலநடுக்கத்தைப் படித்தவர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் நிற்கும்போது நிலநடுக்கம் வந்தது ஒரு மரியாதை மாதிரித்தான் இருந்தது, எல்லோருடைய முகத்திலும் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வந்து இறங்கிய மாதிரி. தேர்வுக் குழுவின் தலைவர் டாக்டர் நாகசாமி, வெள்ளை மீசைக்காரர், ஒருவரை உள்ளே கருவி அறைக்கு அனுப்பிவிட்டு, வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார், யார் என்ன உணர்ந்தீர்கள் என்று. ஒருவர் தலை சுற்றியது என்றார். ஒருவர் முதலிலேயே தெரிந்தது சார் என்றார், முதலில் ஓடியவர் அவர்தான். கோகிலவாணி வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். இந்த ஆபீஸில், இந்த ஊரில், ஏன், பூமியின் மேல், நிலநடுக்கத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு நிலநடுக்கத்தைப் பார்த்துக் காலை ஆட்டாதே என்று சொன்னவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். யாருக்கும் தெரியாது, ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்: "சார், நான் எங்க சார் உணந்தேன், இந்தா நிக்கிற மேடம் என்னையக் காலை ஆட்டாதீங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தாவ, நான் அவங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், அதுக்குள்ள பில்டிங்கே ஆடிப்போச்சு!" சிரிப்பு மரத்தடி முழுவதும் பரவியது. பூமி மறுபடி ஒரு தடவை நன்றாக ஆடி, வேப்ப மரத்தடியில் மட்டும் ஒரு ஆள் உயரத்துக்குப் பிளந்துகொண்டால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. நாகசாமி மட்டும் சிரிக்கவில்லை. "எப்பம்மா சொன்னே? ஆடுறதுக்கு முன்னாடியா, ஆடின பிறகா?"

முன்னாடி. பின்னாடி. தட்டு. அவளுக்குள் ஏதோ ஒன்று ஆழத்தில் கிளம்பியது. "முதல்ல... கீழ இருந்து ஒரு தட்டு வந்துச்சுங்க சார். அவருதான் இடிக்கறாருன்னு நெனச்சேன். அப்பறந்தான் பேச ஆரம்பிச்சேன். ஆட்டாமன்னு சொல்றப்ப பக்கவாட்டுல..." நாகசாமியின் மீசை நிமிர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து அதில் இருந்த ஸ்டாப் வாட்சைத் திறந்தார். "அப்ப உன் வாக்கியம்தான் நமக்கு வேணும். தட்டு வந்ததிலிருந்து ஆட்டாம வரைக்கும். அப்போ எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லு." எல்லோரும் பார்த்தார்கள். கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில், "தப்பாநெனச்சுக்காதீங்ககொஞ்சம்காலைஆட்டாம," என்றாள். "இல்ல சார், இல்ல," என்று ஜெபசிங் கையை ஆட்டினார், "இம்புட்டு வேகமா சொல்லல. மொதல்ல ஏனுங்கன்னு கூப்பிட்டாவ. அதை விட்டுட்டாவ." ருக்மணியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள், அவளுடைய தோள் குலுங்கியது. தூத்துக்குடிக்காரருக்கு அந்தச் சிரிப்பின் காரணம் தெரியவில்லை. "என்னக்கா சிரிக்கிய? ஆராய்ச்சி நடக்குல்லா?" இரண்டாவது தடவை ஏனுங்கவோடு சொன்னாள். "ஏனுங்கவுக்கு அப்புறம் ஒரு முழுங்கு முழுங்குனாவ சார், அதுவும் வரணும்," என்றார் அந்தப் பாவி, ஒரு நல்ல கருவியின் நேர்மையோடு. "எதுக்குங்க சார் புள்ளையத் திருப்பித் திருப்பிச் சொல்ல வெக்கறீங்க?" என்று ருக்மணியக்கா கேட்டாள், நாகசாமி கோகிலவாணியைப் பார்த்தார். அவளே சொன்னாள். "அக்கா, பூமி எங்கியோ ஒடையறப்ப ரெண்டு அலை ஒண்ணாக் கெளம்புமுங்க. ஒண்ணு வெரசா வந்து தட்டும். இன்னொண்ணு மெதுவா வந்து ஆட்டும். ரொம்ப தூரத்துல இருந்து வந்தா நடுவுல இடைவெளி ஜாஸ்தியாகும். அந்த இடைவெளிக்குள்ளதான் நான் பேசிட்டிருந்தனுங்க. அதை அளந்தா தூரம் கெடைக்கும், ஒரு செகண்டுக்கு எட்டுக் கிலோமீட்டர் மாதிரி." சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். இவ்வளவு நீளமான பேச்சு அவளிடமிருந்து பகல் வெளிச்சத்தில் வந்ததேயில்லை. பிறகு தட்டை நினைத்துக்கொண்டு, ஜெபசிங்கை நேராகப் பார்த்து, ஏனுங்க என்று கூப்பிட்டு, எலுமிச்சம்பழத்தை விழுங்கி, தப்பாக நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, ஆட்டாம என்ற இடத்தில் நிறுத்தினாள். "இதான் சார்!" என்றார் ஜெபசிங். நாகசாமி ஃபோனைக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்துத் தயங்காமல் எட்டால் பெருக்கினாள். "நாப்பது, நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் இருக்குமுங்க சார்." எந்தப் பக்கம் என்று குழுவில் இருந்த அம்மாள் கேட்டார். "அது தெரியாதுங்க மேடம். தூரம் மட்டும்தான். தெசை வேணும்னா இன்னும் ரெண்டு ஊர்ல ரெண்டு பேரு காலை ஆட்டியிருக்கோணும்." இந்தத் தடவை சிரித்தவர்களில் அவளும் இருந்தாள். கருவி அறையின் ஜன்னலைத் திறந்து ஒருவர், "நாப்பத்தெட்டு சார்!" என்று கத்தினார். "பாத்தீங்களா," என்றார் ஜெபசிங், "அந்த முழுங்குனத இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கணும்."

ஆனால் இன்டர்வியூ என்பது இன்டர்வியூதான், மரத்தடியில் நடந்தது கணக்கில் வராது என்று நாகசாமி எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பாதியில் எழுந்து ஓடியவரை முதலில் கூப்பிட்டு முடித்தார்கள். பிறகு ருக்மணியக்கா கதவைத் திறந்து அவள் பெயரைச் சொன்னாள். உள்ளே குளிராக இருந்தது, மேஜைமேல் மூன்று டம்ளர் தண்ணீர், ஒன்று மட்டும் ஆட்டத்தில் கவிழ்ந்து விரிப்பு நனைந்திருந்தது. உட்காரச் சொன்னார்கள். தனி நாற்காலி. "உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றார் அந்த அம்மாள், இரக்கமில்லாமல், முதல் கேள்வியாகவே. கோகிலவாணி வாயைத் திறந்தாள். ஒன்றுமில்லை. மரத்தடியில் இருந்த குரல் மரத்தடியிலேயே நின்றுவிட்டது. மின்விசிறி சுற்றியது. அந்த அம்மாள் கையில் இருந்த பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார், அந்தத் திருப்பலின் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும், அடுத்த கேள்வியின் சத்தம், இரண்டு வருடமாக அவள் கனவில் கேட்கிற சத்தம். உக்கடம் தெரிந்தது. தேங்காய்கள் தெரிந்தன. "மேடம்," என்றாள், இது யாருடைய குரல் என்று அவளுக்கே தெரியவில்லை, "திருப்பாதீங்க மேடம். பதில் வந்துட்டிருக்குதுங்க. எனக்கு எப்பவுமே கொஞ்சம் நேரமாகும்." அந்த அம்மாளின் கை பேப்பரின்மேல் நின்றது. நாகசாமி பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வரட்டும்மா," என்றார். "காத்திருக்கறதுதானே நம்ம வேலை." மூன்று பேரும் காத்திருந்தார்கள். விரிப்பிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது, கொஞ்சம் கழித்து இன்னொரு சொட்டு. பதில் எங்கோ ஆழத்தில் கிளம்பி, தட்டுத் தட்டாக ஏறி, வளைந்து வளைந்து வந்தது, வழியில் வேறு யாரும் அதைத் தள்ளவில்லை. வந்தது. "நான் தப்பான வரிசையில நின்னுதாங்க சார் இந்தப் படிப்புக்கு வந்தேன்," என்று ஆரம்பித்தாள். அதன் பின்னால் போன வருடத்துக் கேள்விகளின் பதில்களும் அதற்கு முந்தின வருடத்துப் பதில்களும் வரிசை தவறாமல் வந்துகொண்டே இருந்தன, தென்னிந்தியாவின் பழைய பிளவுகள், வடக்கிலிருந்து வருகிற அழுத்தம், குவாரி வெடியின் கோட்டுக்கும் பூமியின் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம். வெளியே ஜெபசிங்குக்கு ருக்மணியக்கா இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்துவிட்டாள். "போதும்மா," என்று நாகசாமி இரண்டாவது முறையாகச் சொன்னபோது, "இன்னும் ஒண்ணு இருக்குதுங்க சார்," என்றாள் கோகிலவாணி.